தாய்க்கு இரண்டு ஊசி, தொப்புளுக்கு ஒன்றும் வேண்டாம்

"எனக்கு மூணு பிள்ளை. மூணும் வீட்டுலதான் பொறந்துச்சு. ஊசி, மருந்துன்னு ஒண்ணும் கிடையாது. நல்லாத்தானே தம்பி இருக்குதுங்க? இப்ப பேத்திக்கு ரெண்டு ஊசி போடணுங்கிறாங்களே, எதுக்கு?" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. பேத்திக்கு நாலாம் மாதம். கிராம சுகாதார செவிலியர் வந்து கர்ப்பத்தைப் பதிவு செய்து, ரண ஜன்னி ஊசி போட நாளும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். டீயை ஆற்றிக் கையில் கொடுத்தபடியே பெரியம்மா கேட்ட கேள்வி நியாயமானது. பல வீடுகளில் பெரியவர்கள் கேட்பதும் இதுதான். அதனால் அவருக்குச் சொன்னதை இங்கேயும் நிதானமாகச் சொல்கிறேன்.

பிழைத்து வளர்ந்த பிள்ளைகள் நம் கண் முன்னால் நடமாடுகிறார்கள், அவர்களை எண்ணிவிடலாம். பிறந்த ஏழாம் நாள் இறந்த குழந்தையை யார் எண்ணுவது? அந்தக் காலத்தில் அதற்குப் பெயர்கூட வைத்திருக்க மாட்டார்கள். பிறந்ததும் பதிவாகியிருக்காது, இறந்ததும் பதிவாகியிருக்காது. வீட்டார் அழுது, புதைத்து, அதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுவார்கள். ஊருக்கு ஊர் இப்படிக் குழந்தைகள் செத்தும், இது ஒரு கொள்ளைநோய் அளவுக்கு இருக்கிறது என்பது அரசாங்கங்களுக்கே நெடுநாள் உறைக்காமல் போனதற்கு இதுவே காரணம்.

"உங்க சொந்தத்துல அப்படி எதுவும் போனதில்லையா பெரியம்மா?" என்று கேட்டேன். சற்று யோசித்தார். "எங்க ஓரகத்தி பிள்ளை ஒண்ணு போச்சுப்பா. நல்லாப் பால் குடிச்சுக்கிட்டு இருந்த பிள்ளை. ஆறாம் நாளோ ஏழாம் நாளோ வாயத் தொறக்க மாட்டேன்னுருச்சு. உடம்பெல்லாம் வெறைச்சு, முதுகு பின்னால வளைஞ்சுக்கிச்சு. பட்சி தோஷம்னு மந்திரிச்சோம். நிக்கல."

அவர் சொன்ன அடையாளங்கள் ஒவ்வொன்றும் பச்சிளங்குழந்தை ரண ஜன்னிக்கு உரியவை. டெட்டனஸ் என்று மருத்துவர்கள் சொல்வதும், இலங்கைத் தமிழர்கள் ஏற்புவலி என்று சொல்வதும் இதைத்தான். பிறந்து முதல் இரண்டு நாள் குழந்தை நன்றாக அழும், நன்றாகச் சப்பிக் குடிக்கும். மூன்றாம் நாளிலிருந்து இருபத்தெட்டாம் நாளுக்குள், பெரும்பாலும் ஒரு வாரம் ஆகும் தறுவாயில், திடீரென்று காம்பைப் பிடிக்க முடியாமல் போகும். பிறகு உடம்பு விறைத்து இழுப்பு வரும். 'முதலில் நன்றாகக் குடித்தது, பிறகு குடிக்கவில்லை, பிறகு விறைத்தது' என்ற இந்த வரிசையை வைத்தே உலக சுகாதார நிறுவனம் நோயை அடையாளம் காணச் சொல்கிறது. ரத்தப் பரிசோதனைகூடத் தேவையில்லை.

கிட்டப் போய்ப் பார்த்தால் மனம் தாங்காது. குழந்தை பசியோடுதான் இருக்கும். காம்பை வாயருகே கொண்டுபோனால் தேடும். ஆனால் தாடை இறுகிக் கிடப்பதால் வாய் திறக்காது. நெற்றி சுருங்கி, உதடு இறுகி, கைவிரல்கள் மடங்கிக் கெட்டியாகப் பிடித்திருக்கும். கதவு சாத்தும் சத்தம், விளக்கு வெளிச்சம், தாயின் கை படுவது என எதுவானாலும் அடுத்த இழுப்பு வந்துவிடும். அழுதால் சத்தம் வெளியே வராது. மூச்சுத் தசைகளும் இறுகும்போது உடம்பு நீலம் பாரிக்கும். இத்தனைக்கும் குழந்தைக்கு நினைவு தப்புவதில்லை. சிகிச்சை இல்லாவிட்டால் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் இறந்துவிடும். நல்ல மருத்துவமனையில் இருட்டறையில் வைத்து, இழுப்பை அடக்கும் மருந்தும் நச்சுமுறி ஊசியும் கொடுத்து, மூக்குக் குழாய் வழியே பால் ஊற்றி வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டாலும் காப்பாற்றுவது கடினம். வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடக்கூடிய நோயல்ல இது.

இது எங்கிருந்து வருகிறது? மண்ணிலிருந்து. கிளாஸ்ட்ரிடியம் டெட்டனி என்ற பாக்டீரியா தோட்டத்து மண்ணிலும் தெருப் புழுதியிலும் ஆடு, மாடு, குதிரைச் சாணத்திலும் இருக்கிறது. சூழல் ஒத்துவராதபோது தன்னைச் சுற்றிக் கெட்டியான உறை கட்டிக்கொண்டு வித்தாகிவிடும். அந்த வித்து ஆண்டுக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும். வெயிலுக்கும் வறட்சிக்கும் அசையாது. வெந்நீரில் போட்டு எடுத்தால் செத்துவிடும் என்று நம்ப முடியாது. அதனால்தான் மருத்துவமனைகளில் தொப்புள்கொடி அறுக்கும் கத்தரியை ஆட்டோகிளேவ் என்ற அழுத்தக் கலத்தில் 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் வைத்து எடுக்கிறார்கள்.

இந்த வித்து முளைக்க ஒரே ஒரு நிபந்தனைதான்: காற்றுப்படாத இடம் வேண்டும். பச்சிளங்குழந்தையின் உடம்பில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. கொடி அறுத்தபின் வயிற்றோடு ஒட்டியிருக்கும் துண்டு அது. அதற்கு ரத்த ஓட்டம் நின்றுவிடும், சதை சாகத் தொடங்கும், உள்ளே ஆக்சிஜன் இருக்காது. அரிவாளோ துருப்பிடித்த பிளேடோ வித்தைக் கொண்டுவந்து அங்கே வைத்தால் போதும். அதன் மேல் எதையாவது அப்பி மூடினால் கேட்கவே வேண்டாம்.

முளைத்த கிருமி தொப்புளை விட்டு நகர்வதில்லை. அது சுரக்கும் நச்சுதான் நரம்புகளின் வழியே முதுகுத் தண்டுக்கு ஏறுகிறது. அங்கே என்ன செய்கிறது என்று பெரியம்மாவுக்கு டீ கிளாஸை வைத்தே காட்டினேன். கிளாஸை வாய்க்குக் கொண்டுபோக முழங்கையை மடக்குகிறோம். கையின் முன்பக்கத் தசை சுருங்குகிறது; அதே நேரம் பின்பக்கத் தசை தளர்ந்து இடம் கொடுக்கிறது. தொட்டுப் பார்த்தாலே தெரியும். 'நீ தளர்ந்திரு' என்ற அந்தக் கட்டளையை முதுகுத் தண்டிலுள்ள சில நரம்பணுக்கள் கிளைசின், காபா என்ற வேதிப்பொருள்கள் மூலம் அனுப்புகின்றன. டெட்டனஸ் நச்சு அந்தப் பொருள்களை வெளியே விடாமல் தடுத்துவிடுகிறது. 'இறுகு' என்ற கட்டளை மட்டும் மிஞ்சுகிறது. முன்தசையும் பின்தசையும் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. முதுகில் வலுவான தசைகள் இருப்பதால் உடம்பு பின்னோக்கி வளைகிறது. நரம்பில் ஒட்டிவிட்ட நச்சை எந்த மருந்தாலும் கழற்ற முடியாது. அது தானாக அகலும்வரை குழந்தையின் மூச்சைக் காப்பாற்றி வருவதே வைத்தியம்.

"அப்ப தொப்புள்ல விபூதி வைக்கறது?" என்று பெரியம்மா கேட்டார். கொஞ்சம் தயங்கித்தான் கேட்டார். விபூதி, சாம்பல், மஞ்சள், விளக்கெண்ணெய், பவுடர் என்று வீட்டுக்கு வீடு ஒரு வழக்கம் உண்டு. எல்லாம் பிள்ளை நன்றாக இருக்கவேண்டும் என்ற அக்கறையில் செய்தவைதான்; யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விபூதிக்கு மூலம் சாணம் என்பதை மறக்கக் கூடாது. நெற்றியில் இடும் விபூதியை ஆறாத புண்ணில் இடக்கூடாது. பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் பொருளிலும் ஆபத்து ஒளிந்திருக்கும். பாகிஸ்தானின் பஞ்சாபில் தொப்புளுக்கு நெய் தடவும் வழக்கத்தை ஆராய்ந்தவர்கள், நெய் தடவிய குழந்தைகளுக்கு ரண ஜன்னி கூடுதலாக வருவதைக் கண்டார்கள். நெய்யை உருக்க மூட்டியது வறட்டி அடுப்பு என்பது பிறகு தெரியவந்தது. நெய்யைத் தொட்ட கை வறட்டியையும் தொட்டிருக்கலாம்.

இதெல்லாம் நம் ஏழ்மையால் வந்தது, நம் ஊர் வழக்கத்தால் வந்தது என்று யாரும் கூசிப்போக வேண்டாம். பிரிட்டனிலும் இதே கதை நடந்திருக்கிறது. ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் செயின்ட் கில்டா என்று சின்னஞ்சிறு தீவுக்கூட்டம் உண்டு. கடற்பறவைகளைப் பிடித்துப் பிழைத்த சில குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. 19ஆம் நூற்றாண்டில் அங்கே பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் ஒரு வாரம் பத்து நாளில் விறைத்து இறந்தன. அவர்கள் அதை எட்டாம் நாள் நோய் என்றார்கள். கடவுள் சித்தம் என்று ஏற்றுக்கொண்டார்கள். அங்கு போன ஆங்கஸ் ஃபிடெஸ் என்ற பாதிரியார் அப்படி விட்டுவிடவில்லை. கிளாஸ்கோ நகருக்குப் போய்க் கிருமிநாசினி கொண்டு பிரசவம் பார்க்கும் முறையைக் கற்றுவந்து, தொப்புளைச் சுத்தமாகப் பராமரிக்கும் வழக்கத்தை 1890-களில் தீவுக்குள் கொண்டுவந்தார். அதோடு நோய் நின்றது. அந்தத் தீவில் புதிய மருத்துவமனை எழவில்லை, தடுப்பூசியும் அப்போது கிடையாது. கொடியைக் கையாளும் விதம் மாறியது, பிள்ளைகள் பிழைத்தன.

தடுப்பூசிக்கான வழி ஜப்பானிய மருத்துவர் கிடாசாடோவிடமிருந்து தொடங்குகிறது. ஜெர்மனியில் பணியாற்றியபோது 1889-ல் இந்தக் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். மறு ஆண்டு, எமில் பேரிங்குடன் சேர்ந்து, நச்சை முறிக்கும் பொருள் ரத்தத்தில் உருவாகிறது என்பதை நிறுவினார். பிற்பாடு நச்சை ஃபார்மலினால் செயலிழக்க வைத்துத் தடுப்பூசி செய்தார்கள். அதில் உயிருள்ள கிருமி இல்லை. நோயை உண்டாக்கும் சக்தியும் இல்லை. கர்ப்பிணிக்குப் போட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகுமா என்று பயப்படுபவர்களுக்கு இதுவே பதில். உலகமெங்கும் பல பத்தாண்டுகளாகக் கோடிக்கணக்கான கர்ப்பிணிகளுக்குப் போட்டுவரும் ஊசி இது. ஓரிரு நாள் கை வலிக்கும், சிலருக்கு லேசான காய்ச்சல் இருக்கும், அவ்வளவுதான்.

ஊசியைத் தாய்க்குப் போட்டால் பிள்ளைக்கு எப்படிப் பாதுகாப்பு என்பது பெரியம்மாவின் அடுத்த சந்தேகம். ஏழாம் நாளே தாக்கும் நோய்க்கு, பிறந்தபின் குழந்தைக்கு ஊசி போட்டுப் பயனில்லை; அதன் உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க வாரக்கணக்கில் ஆகும். ஆகவே தாயின் உடம்பில் அதை முன்கூட்டியே உண்டாக்குகிறோம். அந்த எதிர்ப்புப் பொருள், குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், நஞ்சுக்கொடி வழியே குழந்தையின் ரத்தத்துக்குள் இறங்கி விடுகிறது. பாதுகாப்போடுதான் பிள்ளை வெளியே வருகிறது. 1960-களில் நியூகினியிலும் கொலம்பியாவின் கிராமங்களிலும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு, மூன்று ஊசி முறையாகப் போட்டுக்கொண்ட தாய்மாரின் பிள்ளைகளைக் காக்க முடியும் என்பது அங்கே உறுதியானது. ஒரே ஒரு ஊசி போதாது என்பதும் அங்கேயே தெரிந்தது.

நம் நாட்டில் முறை இதுதான். கர்ப்பம் உறுதியானதும் முதல் ஊசி, நான்கு வாரம் கழித்து இரண்டாவது. இரண்டாவது ஊசி பிரசவத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பாவது போட்டிருக்க வேண்டும். போன பிரசவத்தில் இரண்டும் போட்டு மூன்று ஆண்டுக்குள் மறுபடி கர்ப்பமானால் ஒரு பூஸ்டர் போதும். முன்பு டெட்டனஸுக்கு மட்டும் தனி ஊசி இருந்தது. 2019 முதல் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துத் 'டிடி' ஊசியாகத் தருகிறார்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியில் நடக்கும் முகாமிலும் காசில்லாமல் போடுவார்கள். இடையில் காயம்பட்டு ஊசி போட்டிருந்தால் செவிலியரிடம் சொல்லுங்கள். எது தேவை என்று கணக்குப் பார்த்துச் சொல்வார். போட்ட தேதியைக் கர்ப்பிணி அட்டையில் எழுதிவாங்க மறக்காதீர்கள்.

"ஆஸ்பத்திரியிலதானே பிரசவம்? அங்க எல்லாம் சுத்தமாத்தானே இருக்கும், அப்பவும் ஊசி வேணுமா?" என்று பேத்தி கேட்டாள். வேண்டும். வலி எங்கே எப்போது எடுக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆட்டோவிலும் ஆம்புலன்சிலும் பிறக்கும் பிள்ளைகள் உண்டு. இன்னொன்று, சிசேரியனோ சுகப்பிரசவமோ, கொடித்துண்டு ஆறாத நிலையில்தான் வீட்டுக்கு வருகிறது. வீட்டுக்கு வந்தபின் அதில் என்ன படும் என்பதற்கு மருத்துவமனை பொறுப்பேற்க முடியாது. தவிர, இந்த ஊசி தாயையும் காக்கிறது. பிரசவக் காயம் வழியாகவும், பாதுகாப்பற்ற கருக்கலைப்பாலும் தாய்க்கும் ரண ஜன்னி வரும்.

ஊசிக்கு அடுத்தது சுத்தம். பிரசவம் பார்ப்பவர்களுக்கு ஐந்து சுத்தம் என்று பாடம் சொல்லிக் கொடுப்பார்கள்: கை சுத்தம், பிரசவம் நடக்கும் இடம் சுத்தம், கொடி அறுக்கும் பிளேடு சுத்தம், கட்டும் நூல் அல்லது கிளாம்ப் சுத்தம், மிஞ்சிய தொப்புள் துண்டு சுத்தம். முதல் நான்கும் பிரசவ அறையோடு முடிந்துவிடும். ஐந்தாவது வீட்டாருடைய பொறுப்பு. அதற்குச் செய்யவேண்டியது மிகவும் குறைவு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள். தொப்புளைக் காற்றுப்படத் திறந்து விடுங்கள். நாப்கின், துணி எதுவானாலும் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். மூத்திரமோ மலமோ பட்டால் சுத்தமான தண்ணீரால் துடைத்து உலர விடுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தால் தவிர வேறு எதையும் வைக்காதீர்கள். துண்டு மெல்ல வற்றிக் கறுத்து, ஐந்து முதல் பதினைந்து நாளுக்குள் தானே விழும். தொங்குகிறதே என்று பிடித்து இழுக்க வேண்டாம். விழுந்த இடம் முழுதாக ஆறும்வரையும் இதே கவனம் வேண்டும்.

சுற்றிலும் சிவந்தாலோ, சீழ் வந்தாலோ, கெட்ட வாடை அடித்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை குடிப்பதை நிறுத்தினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பச்சிளங்குழந்தை பால் மறுப்பது எப்போதுமே ஆபத்துக் குறிதான், காரணம் எதுவாக இருந்தாலும்.

இந்த எளிய காரியங்கள் செய்ததை எண்ணிப் பாருங்கள். 1988-ல் உலகில் சுமார் 7,87,000 பச்சிளங்குழந்தைகள் ரண ஜன்னியால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அதில் இந்தியக் குழந்தைகள் மட்டும் 1,60,000. ஒரு நாளைக்கு நானூறுக்கும் மேல். 2018-ல் உலகம் முழுவதற்கும் மதிப்பீடு 25,000. இந்தியா 2015-ல், தாய் சேய் ரண ஜன்னியை ஒழித்த நாடு என்று சான்று பெற்றது. பெரிய மருந்துக் கண்டுபிடிப்பு எதுவும் இடையில் நடக்கவில்லை. வீடு வீடாக நடந்த செவிலியர்கள், பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள், இரவிலும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், ஊசிக்குக் கை நீட்டிய தாய்மார்கள் ஆகியோரின் வெற்றி அது. தமிழ்நாட்டில் இன்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன.

ஆனால் இங்கே ஒழிப்பு என்பதற்குக் கணக்கு வேறு. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆண்டுக்கு ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவாக இந்நோய் இருந்தால் ஒழித்ததாக ஏற்கிறார்கள். பெரியம்மையைப் பூமியிலிருந்தே துடைத்துவிட்டோம். அது மனிதரிடமிருந்து மனிதருக்கு மட்டுமே தொற்றியது. ரண ஜன்னிக் கிருமி மண்ணில் வாழ்கிறது. மண் இருக்கும்வரை அதுவும் இருக்கும். ஊரில் மற்ற எல்லோரும் ஊசி போட்டிருந்தாலும், போடாத தாயின் பிள்ளையை அது காக்காது. ஒரு முறை இந்த நோய் வந்து பிழைத்தவருக்குக்கூட எதிர்ப்புச் சக்தி உண்டாவதில்லை. ஒவ்வொரு தாயும் ஒவ்வொரு பிள்ளைக்காகவும் இந்த வேலியைத் தானே போட்டாக வேண்டும்.

இதைச் சொல்ல இப்போது அவசியமும் வந்திருக்கிறது. இயற்கைப் பிரசவம் என்ற பெயரில், ஊசியும் பரிசோதனையும் வேண்டாமென்று வீட்டிலேயே பிள்ளை பெறும் ஆசை படித்தவர்களிடமே தலைகாட்டுகிறது. 2018-ல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்ததில் ஓர் இளம் தாய் ரத்தப்போக்கால் இறந்துபோனார். இயற்கையோடு ஒட்டி வாழவேண்டும் என்ற விருப்பத்தை மதிக்கிறேன். ஆனால் இந்தக் கிருமியும் இயற்கைதான். நம் பாட்டிமார் ஒவ்வொரு பேறுகாலத்திலும் பயந்ததும் அந்த இயற்கைக்குத்தான். நோய் கண்ணில் படாமல் போனதால் பயம் போயிற்று. பயம் போனதற்குக் காரணமான ஊசியையும் சேர்த்துக் கைவிட்டால் நோய் திரும்ப வரும்.

குழந்தை பிறந்த பின்னும் வேலை இருக்கிறது. தாய் கொடுத்த பாதுகாப்பு சில மாதங்களில் கரைந்துவிடும். அதற்குள் குழந்தை தன் பாதுகாப்பைத் தானே உண்டாக்கிக்கொள்ள 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசி போட வேண்டும். ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் பூஸ்டர், 10 வயதிலும் 16 வயதிலும் டிடி என்று அது தொடர்கிறது. பள்ளியில் ஊசி போட வரும் நாளில் பெண் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளாதீர்கள். அன்று அவளுக்குப் போடும் ஊசி, நாளை அவள் வயிற்றில் வரும் பிள்ளைக்கும் அடித்தளம்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு பெண் கர்ப்பமாக இருந்தால், இரண்டு ஊசியும் போட்டாயிற்றா என்று இன்றே கேளுங்கள். பிள்ளை பார்க்கப் போகும்போது தொப்புளில் ஒன்றும் வைக்க வேண்டாம் என்று பெரியவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். பெரியவர்கள் வாயால் சொன்னால் வீடு கேட்கும். ஆகவே முதலில் அவர்களுக்கே விளக்குங்கள்.